கிரைண்டருக்கென்று ஒரு ஜோடி செருப்பு

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு கிரைண்டர், தொட்டால் லேசாக ஷாக் அடித்துக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

"சுர்ருன்னுதானே இருக்கு? செருப்பு போட்டுக்கிட்டு அரை," என்றார் கணவர். அதற்காகவே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிவந்து பக்கத்தில் வைத்தார். நானும் மாதக்கணக்கில் அதைப் போட்டுக்கொண்டு மாவு அரைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்த மகள், ஓடுகிற கிரைண்டரில் மாவைத் தள்ளிவிடக் கையை வைத்தாள். சத்தமே வரவில்லை. வாய் திறந்தபடி, கையை எடுக்க முடியாமல் நின்றாள். நான் பாய்ந்து சுவிட்சை அணைத்ததும் சரிந்து விழுந்தாள். மருத்துவமனையில் இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டு, பயமில்லை என்றார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் கணவர் அவளிடம் கேட்டார். "செருப்பு போட்டுக்கிட்டுப் போகக் கூடாதாம்மா?"

"நீங்க ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கக் கூடாதாப்பா?" என்றாள்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து பழைய ஒயரை மாற்றி, விட்டுப்போயிருந்த எர்த்தையும் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது ஷாக் இல்லை. ஆனாலும் மகள் சமையலறைக்குள் போனால் நானும் பின்னாலேயே போய் நிற்கிறேன்.

"அதான் சரி பண்ணியாச்சேம்மா, போய் உட்காரு," என்கிறாள்.

தெரிகிறது. உட்காரத்தான் முடியவில்லை.