கயிறு இழுக்காத கை

மீனம்மாள் வீட்டு அலமாரியில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இருக்கிறது. அட்டைப்பெட்டியை விட்டு அது வெளியே வந்ததே இல்லை. ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும், காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில், ஆயுதபூஜை அன்று மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுத்த பரிசு அது. எதற்காக என்று கேட்டால் சிரிப்பீர்கள். வருஷம் முழுக்கக் கயிற்றை இழுக்காமல் இருந்ததற்காக.

லைனில் வேலை செய்பவர்களின் தலைக்கு மேலே மஞ்சள் கயிறு ஒன்று ஓடும். கையில் வந்த ஒயரில் கோளாறு தெரிந்தால் அதை இழுக்க வேண்டும். ஒரு மெட்டு ஒலிக்கும், லைன் நிற்கும், ஆள் வந்து பார்ப்பார்கள். இழுத்தவரைத் திட்டக்கூடாது என்று சுவரில் கொட்டை எழுத்தில் போர்டு வேறு. போர்டு கிடக்கிறது, போங்கள். லைன் நின்று டார்கெட் குறைந்தால் சூப்பர்வைசர் எல்லப்பன் முகம் போகும் போக்கைப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை இழுக்க மாட்டார்கள். பழகின கை சின்னக் கோளாறை அப்படியே அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடும். கடைசியில் செக்கிங்கில் யாராவது பார்த்துக்கொள்ளட்டும். மீனம்மாள் இதில் பெரிய கெட்டிக்காரி.

வீட்டிலும் அதையே செய்தாள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மூத்தவன் ஜெபகுமார், பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டிப்போனது, பேச்சு குறைந்தது. ஒரு நாள் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் பேர் தெரியாத மாத்திரை அட்டை கிடைத்தது. போதைக்குப் போடுவது என்று மீனம்மாளுக்குப் புரிந்துவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. பிள்ளைப்பாக்கம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், சர்ச்சில் தலை நிமிர முடியாது. கன்டெய்னர் லாரி ஓட்டி ஊர் ஊராகப் போகிற கணவரிடமும் சொல்லவில்லை. பையனைச் சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாள். தங்கையிடமாவது காரணத்தைச் சொன்னாளா? அங்கிருந்து காலேஜ் கிட்டே என்றாள், அவ்வளவுதான். கோளாறு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

தங்கை வீட்டுக்குக் கிளம்பும் காலையில் பையன் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

“எம்மா, ஒரு நிமிசம். உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்.”

“பஸ்சு நிக்குதுடா. ஷிப்டு முடிச்சிட்டு போன் பண்றேன், சொல்லு.”

ஷிப்டு முடிந்ததும் ஓ.டி.க்கு நிறுத்திக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து விழுந்தவள் போனை மறந்தே போனாள். அவனும் பிறகு கேட்கவில்லை. அந்த மழைக்காலம் முடியும் முன்பே, மாத்திரை அளவு மீறிப்போய், அவனைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தார்கள்.

அன்று முதல் அவளுக்கு ஹாரன் சத்தம் ஆகாது. செருப்பு மாட்டக் குனிந்தாலே முதுகுக்குப் பின்னால் அவன் நிற்பான். திரும்பிப் பார்த்தால் வெறும் சுவர். லைனில் யாராவது கயிற்றை இழுத்தால், அந்த மெட்டுக்குள் ‘எம்மா, ஒரு நிமிசம்’ என்று கேட்கும். ஒரு நாள் அவள் கைக்கு வந்த ஒயரில், முனையைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு உடைந்திருந்தது. தள்ளிவிட்டிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? கை தள்ள மறுத்தது. எட்டிக் கயிற்றை இழுத்தாள். லைன் நின்ற பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

எல்லப்பன் ஓடிவந்தான். “இன்னா மீனக்கா, நீயா இழுத்த?”

“ஆமா. முன்னாடியே இழுத்திருக்கணும்.”

அவனுக்கு என்ன புரியும், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஒரு பித்தளை மணியும் மஞ்சள் நைலான் கயிறும் வாங்கிவந்து, சமையல்கட்டிலிருந்து படுக்கை அறை வரை கட்டினாள். பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் இசைவாணி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

“இன்னாம்மா இது? வூட்டையும் கம்பெனி ஆக்கிட்டியா?”

“பயமோ, கஷ்டமோ, இன்னாவா இருந்தாலும் இழு. எந்த வேலையா இருந்தாலும் வுட்டுட்டு வந்து ஒக்காருவேன். திட்ட மாட்டேன்.”

மகளின் பள்ளிக்கூட வாசலிலும் அதே மாத்திரை கைமாறுவதாக மீனம்மாள் காதில் விழுந்திருந்தது. பையைச் சோதித்தால் வேறு இடத்தில் ஒளிக்கப்போகிறாள். மனசில் இருப்பதைச் சொல்லிப் பழகினால்தான் இந்தப் பெண் தாங்குவாள். அண்ணன் போனதற்குக்கூட அவள் வாய்விட்டு அழவில்லை. இவளையும் பறிகொடுத்துவிட்டால்?

முதல் தடவை மணி அடித்தபோது மீனம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். பிசிக்ஸில் பெயில், அவ்வளவுதான். ஆனால் இந்த நாக்கு சும்மா இருக்குமா? “அப்பவே சொன்னேன், போன கீழ வையின்னு” என்று ஆரம்பித்துவிட்டாள். இசைவாணி எழுந்து போனாள். அதற்குப் பிறகு மணி ஊமையாகிவிட்டது. கயிற்றில் துண்டு காய்ந்தது. எல்லப்பனைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தோமே, இங்கே நான்தானே எல்லப்பன் என்று மீனம்மாளுக்கு உறைக்க வெகுநாள் ஆயிற்று.

உறைத்த அன்று சாயங்காலம் துண்டை எடுத்துவிட்டு, தானே கயிற்றை இழுத்தாள்.

இசைவாணி எட்டிப் பார்த்தாள். “நீ எதுக்கு இழுக்கற?”

“எனக்கும் பயமா கீது. வந்து ஒக்காரு.” மீனம்மாள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். “அண்ணன் சட்டைல மாத்திரய பாத்துட்டும் வாயத் தொறக்கல நானு. அன்னிக்கி காலைல என்னாண்ட ஏதோ சொல்ல வந்தான். பஸ்சு போய்டும்னு வுட்டுட்டேன். இன்னா சொல்ல வந்தான்னு இன்னிக்கி வரைக்கும் தெர்ல. அவன் இங்கயேதான் நின்னுகினு கீறான் எனக்கு.”

இசைவாணி கயிற்றின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“நானும் பாத்தேம்மா, அவன் பைல. சொன்னா நீ அடிப்பன்னு சொல்லல.”

அதுவரை இரண்டு பேரும் இந்தப் பாரத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். அன்று இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம். விடிகாலை. தெருமுனையில் பஸ் வந்துவிட்டது. மீனம்மாள் செருப்பு மாட்டக் குனிந்தாள். வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் அவன் வந்து நின்றான். ஹாரன் அடித்தது. கூடவே மணியும் அடித்தது.

திரும்பினாள். இந்த முறை வெறும் சுவர் இல்லை. இசைவாணி ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றக் கை இறுக மூடியிருந்தது.

“எம்மா, ஸ்கூல்ல ஒண்ணு குடுத்தாங்க. பரீட்ச பயமே இருக்காதாம். இன்னும் போடல. போடலாம் போடலாம்னு தோணிக்கினே கீது.”

எந்த நாய் கொடுத்தது, நீ எதற்கு வாங்கினாய் என்று அத்தனையும் மீனம்மாளின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். ஹாரன் மறுபடி அடித்தது, நீளமாக. அவள் மாட்டிய ஒற்றைச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். பஸ் உறுமிக்கொண்டு கிளம்பிப் போயிற்று.

“போவட்டும்” என்றாள். “வா, இப்டி ஒக்காரு. மெதுவா சொல்லு.”

இசைவாணி வந்து உட்கார்ந்தாள். மீனம்மாள் மகளை ஒட்டி உட்காரவில்லை. நடுவில் ஜெபகுமாருக்கும் உட்கார இடம் விட்டுவிட்டு, கேட்க ஆரம்பித்தாள்.