இக்லூ தின்ற ஆண்டு விழா

மதலேனாள் டீச்சரை அடுத்த ஜூனில் நிரந்தரமாக்குவதாகத் தாளாளர் பீட்டர்ராஜ் ஒவ்வொரு ஜூனிலும் வாக்குக் கொடுப்பார். சின்னமனூரில் அவர் நடத்திய ஆங்கில நர்சரிப் பள்ளியில், பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பது முதல் ஆண்டு விழாவுக்குப் பந்தல்காரனைப் பிடிப்பது வரை எல்லாம் அந்த அம்மாள் தலையில்தான். தலை மட்டும் தற்காலிகம்.

2004இல், மஸ்கட்டிலிருந்து திரும்பிய ஷெரின் என்ற பெண் மகனைச் சேர்க்க வந்தாள். "அங்கன பிள்ளைகளுக்கு உருட்டி விளையாட மாவு குடுப்பாக சார். இங்கன இன்னும் சிலேட்டா?" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, சேர்க்காமலே போய்விட்டாள். தாளாளருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"டீச்சர், மைதாவுல உப்பும் எண்ணெயும் போட்டுக் கிண்டுனா அந்த மாவு வந்துருமாம்ல? ஆண்டு விழாவுக்கு ஏலக்காய் முதலாளி வேலுச்சாமி ஐயா வாராக. பிள்ளைக அவுக முன்னால இக்லூ செய்யட்டும். அசந்துபோயி நமக்குக் கட்டடம் கட்டிக் குடுத்துருவாக."

"பனிக்கட்டி வீட்டை இங்கன யாரு சார் பாத்திருக்கா?"

"பாக்காததைச் செஞ்சாத்தான் இங்கிலீஷ் மீடியம். இது மட்டும் நல்லா முடியட்டும், ஜூன்ல உங்களுக்கு..."

மாவு கெடாமலிருக்க, மைதாவில் பாதியளவு உப்பு. நிறத்துக்கு மஞ்சள்தூள். மதலேனாள் கிண்டி இறக்கியபோது சினிமா போஸ்டர் ஒட்டும் பசை வாடை குப்பென்று அடித்தது. அடுப்பில் மாவு கிண்டினால் அவள் கை தானாக ஏலக்காய் டப்பாவுக்குப் போகும், போயிற்று. வாடை போய் அறையே மணத்தது.

"ஒருத்தரும் வாயில வைக்கக் கூடாது!"

"சரி டீச்சர்" என்று விழாவன்று பிள்ளைகள் ராகம் இழுத்தார்கள். பாதிப்பேர் மாவைப் பெஞ்சில் வீசி அடித்துப் புரோட்டா போட்டார்கள். கயல் மட்டும் பதவிசாக மஞ்சள் உருண்டைகளை உருட்டித் தட்டில் அடுக்கினாள்.

"என்ன ஆத்தா இது?"

"இக்லூ டீச்சர்."

"வாசல் எங்க?"

"பூட்டிட்டாக."

பிள்ளைகளுக்குச் சொன்ன எச்சரிக்கையை முதலாளிக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கயல் மேடையேறி, "இக்லூ, தாத்தா" என்று தட்டை நீட்டினாள். ஏதோ இங்கிலீஷ் பலகாரம் போலிருக்கிறது என்று வேலுச்சாமி நினைத்தார். ஏலக்காய் மணம் வேறு. தட்டில் வைத்து நீட்டியதைத் தொடாமல் விடுவது மரியாதையா? முழுசாக வாயில் போட்டார்.

முகம் ஒருதரம் கோணி நிமிர்ந்தது. எதிரே இருநூறு பெற்றோர். விழுங்கினார்.

"அருமை" என்றவர், ஒன்றை எடுத்துத் தாளாளரிடம் நீட்டினார். "நீங்களும் சாப்பிடுங்க."

அது என்னவென்று பீட்டர்ராஜுக்குத் தெரியும். ஆனால் கட்டடம் தரப்போகிறவரிடம், 'ஐயா, நீங்க தின்னது விளையாட்டுச் சாமான்' என்று எந்த வாயால் சொல்வது? அந்த வாயாலேயே மென்றார். கண்ணீர் வழிந்தது. தாளாளர் நெகிழ்ந்துவிட்டதாக எண்ணிக் கூட்டம் கைதட்டியது.

மதலேனாள் தண்ணீரோடு வந்து குனிந்தாள். "சார், இது என்னன்னு மைக்குல விளக்கிச் சொல்லிரட்டுமா? பெத்தவுக கேக்குறாக."

"வேணாம் டீச்சர்!"

"ஜூன்ல என்னமோ சொன்னீகளே..."

"ஜூன் எதுக்கு? இப்பவே!" மைக்கைப் பிடுங்கி, மதலேனாள் டீச்சர் இன்று முதல் நிரந்தரம் என்று அறிவித்தார். உப்பு இன்னும் இறங்காததால் குரல் தழுதழுத்தது.

கட்டடத்தைப் பற்றி வேலுச்சாமி வாயே திறக்கவில்லை. இன்னொரு சொம்பு தண்ணீர் மட்டும் கேட்டார்.