புள்ளிக்காரரின் பெண்

பிரெஞ்சுக்காரர்கள் தபால் முத்திரைக்கென்று ஆள் வைத்து உருக்கில் படம் செதுக்குகிறார்கள் என்பது, இரத்தினபுரியில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். என் கணவர் மாணிக்க வியாபாரி. அவரிடம் நீலக்கல் வாங்கும் பாரிஸ்காரர் ஒருவர் கடிதம் போடுவார். கல்லைப் பற்றிய செய்தி அவருக்கு, உறையின்மேல் இருக்கும் முத்திரை எனக்கு.

செதுக்கியவரின் பெயர் படத்தின் அடியில் எறும்புமுட்டை அளவில் இருக்கும். எங்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆகவே நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஒருவர் கோட்டுக்காரர். ஆறு என்றால் ஒவ்வொரு அலைக்கும் கோடு போடுவார். பெண் என்றால் கன்னத்திலும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியதுபோலச் சாய்கோடு. மற்றவர் புள்ளிக்காரர். தண்ணீரை வெறுமனே விட்டுவிடுவார். முகத்துக்கு மட்டும் பொடிப்பொடியாகப் புள்ளி வைப்பார். என் கணவர் கோட்டுக்காரர் கட்சி.

"தண்ணிக்கி ஒரு கோடு சரி போடல்ல. வேல செய்யாமக் கூலி எடுத்தீக்கான்," என்பார். புள்ளிக்காரரின் பெண்ணுக்கு அம்மை போட்டிருக்கிறது என்றும் சொல்வார்.

"கொஞ்சம் தள்ளிப் புடிச்சுப் பாருங்களே," என்பேன்.

"கல்லுப் பாக்கிற கண்ணுக்கு நீயா சொல்லித் தாற?"

இதுதான் எனக்குப் பொறுக்காது. என் கண்ணுக்கும் ஏதோ தெரியும் என்று அவர் வாயால் ஒரு தடவை கேட்க ஆசைப்பட்டேன். முத்திரையெல்லாம் ஒரு சாக்கு.

ஒருமுறை பாரிஸ்காரர் பதில் கடிதத்துக்கென்று ஒட்டாத முத்திரை ஒன்றை உள்ளே வைத்து அனுப்பியிருந்தார். பிரெஞ்சு முத்திரை இலங்கையில் செல்லாது என்று அவருக்குத் தோன்றவில்லை போலும். புள்ளிக்காரரின் பெண்தான், தபால்கந்தோர் மை படாத முகம். இதைப் பார்த்தாலாவது ஒத்துக்கொள்வார் என்று அவரிடம் நீட்டினேன்.

பட்டை தீட்டாத கல்லை நக்கிப் பார்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். நனைந்தால்தான் உள்நிறம் தெரியுமாம். அவர் முத்திரையையும் நக்கினார், முன்னும் பின்னும். பசை கட்டைவிரலில் பிடித்துக்கொண்டது. நான் கத்தினேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துவிட்டால் அவருக்குக் காது கிடையாது. விரலின் வளைவோடு வளைந்திருந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"புள்ள, கன்னம் உருண்டு வருதே. நீ சொன்னது சரிதான்."

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். விரலில் ஏதும் ஒட்டியிருந்தால், தொழுமுன் கைகால் கழுவும் வுளு கூடாது. அவர் கிணற்றடிக்குப் போய், தேங்காய்த் தும்பால் முத்திரையைத் தேய்த்துக் கழுவினார்.

மறுநாள் அவருடைய அக்கா வந்திருந்தார். அவரிடம் நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன்.

"நான் எப்ப சொன்னன்?" என்றார் என் கணவர், கட்டைவிரலைப் பார்த்தபடி.