வாளிச் சத்தம்

தொண்ணூறுகளின் கடைசியில், கேரளத்தில் பொன்முடி போகிற வழியில் கல்லாற்றங்கரைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தென்காசிப் பக்கமிருந்து பிழைக்கப் போனவள். கடைக்குப் பின்னால் முதலாளியம்மா ஆறு பன்றிகள் வளர்த்தார். மிச்சச் சோற்றையும் கழுநீரையும் வாளியில் ஊற்றி, கரண்டியால் மூன்று தட்டு தட்டுவேன். ஆறும் இடித்துக்கொண்டு ஓடிவரும். அதில் காது கிழிந்த ஒன்று, தின்று முடித்த பின்னும் போகாது. என் முழங்காலில் மூக்கை வைத்துத் தேய்க்கும். "கட்டின புருஷன்கூட இப்படிக் காத்துக் கெடக்க மாட்டான்" என்று அதனிடமே சொல்லிச் சிரிப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் மார்த்தாண்டத்திலிருந்து வெட்டுகாரர் வந்தார். கூடவே மூன்று ஆட்கள், கயிறு, உலக்கை, கோடாலி. முதலில் பெரிய ஆண் பன்றியைப் பிடிக்கப் போனார்கள். கயிற்றைக் கண்டதும் அது தறிகெட்டு ஓடியது. வளைத்து உலக்கையால் அடித்தார்கள். இடுப்பு முறிந்து, முன்னங்கால்களால் மண்ணைப் பிறாண்டியபடி ஊர்ந்தது. அது போட்ட கூச்சலில், கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதியில் கை கழுவிவிட்டார்கள். கழுத்தில் கத்தி இறங்க வெகுநேரம் ஆயிற்று.

அடுத்தது காது கிழிந்தது. வேலி மூலையில் ஒடுங்கி நின்றது.

முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். "எடீ, நீ வாளி எடுத்து ஒண்ணு தட்டு. உன் வாளிச் சத்தம் கேட்டா அது வரும்."

"என்னால முடியாது சேச்சி. சோறு போட்ட கை."

வெட்டுகாரர் கோடாலியைத் துடைத்தார். "எக்கா, சோறு போட்டதே இதுக்குத்தானே? நீங்க தட்டலேன்னா உலக்கைதான். முன்னதப் பாத்தீங்கல்லா? தட்டினா ஒரே அடி. வலியே தெரியாது."

"தெரியாதுன்னு உம்மகிட்ட பன்னி வந்து சொல்லிச்சாக்கும்?"

"இதுவரைக்கும் ஒண்ணுகூட திரும்பி வந்து குறை சொன்னதில்ல, எக்கா."

ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கூச்சல் இன்னும் காதில் இருந்தது. வாளியை எடுத்துத் தட்டினேன்.

அது வந்தது. ரத்தத்தில் வழுக்கி, செத்துக் கிடந்ததைச் சுற்றிக்கொண்டு, நேராக என்னிடம். மூக்கை முழங்காலில் வைத்தது. கோடாலியின் பின்பக்கம் மண்டையில் இறங்கியது. ஒரே அடி என்றவருக்கு இன்னும் இரண்டு வேண்டியிருந்தது. முதல் அடிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அது என் காலுக்குப் பின்னால்தான் ஒதுங்கப் பார்த்தது. என் சேலை முட்டிவரை நனைந்துவிட்டது.

மறுநாள் நான் தட்டவில்லை. சத்தம் காட்டாமல் ஊற்றினேன். மிச்சமிருந்த நான்கும் கிட்டே வரவில்லை. இனி இதுகள் என்னை நம்பாது என்று நினைக்க மனதுக்கு லேசாக இருந்தது. நான்காம் நாள், என் செருப்புச் சத்தம் கேட்டே ஓடிவந்தன.

மலையில் காட்டுப்பன்றியை அடிக்க வேண்டுமென்றால் மனுஷன் அதன் பின்னால் ஓடியாக வேண்டும். வளர்த்தது அவனிடம் தானாக ஓடிவருகிறது. இத்தனை நாள் அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன்.

ஈஸ்டருக்கு வெட்டுகாரர் மறுபடி வந்தார். ஆட்கள் இல்லை, கயிறும் உலக்கையும் இல்லை. கோடாலி மட்டும்.

"எக்கா இருக்காங்கல்லா?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் போனார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.