சண்முகவேல் அண்ணன் குடிக்காத மோர்

திங்கட்கிழமை காலை இட்லி மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது டயாலிசிஸ் சிஸ்டர் போன் செய்தார். "தாயி, காகா கேலே" என்றார் மராத்தியில். பக்கத்துப் படுக்கைச் சண்முகவேல் அண்ணன் இறந்துவிட்டார். அப்போதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதை எழுத உட்கார்ந்து நாலு முறை எழுந்துவிட்டேன்.

அண்ணன் சிஞ்ச்வட்டில் ஒரு பட்டறையில் எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய்கள் செய்தவர். எங்கள் இருவருக்கும் ஒரே வருடத்தில்தான் சிறுநீரகம் கெட்டது. ஊசி போட வசதியாகக் கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான்; பயந்து செருப்பைத் தேடினேன். அண்ணன்தான் நிறுத்தினார்.

"இரு தங்கச்சி. தமனியும் எங்க பட்டறைக் குழாய் மாதிரிதான், மூணு அடுக்கு. உள்ளே வழவழன்னு ஒண்ணு, நடுவுல தசை, வெளியே உறை. இதயம் தள்ளுறப்ப விரிஞ்சு குடுக்கும், அப்புறம் சுருங்கி ரத்தத்தை முன்னால அனுப்பும். சிரைக்கு அந்தத் தடிமன் இல்ல. தமனியோட வேகம் பட்டுப் பட்டுத்தான் அது தேறும்."

"அப்ப வீட்டுல அண்ணி தமனி, நீங்க சிரையாண்ணே?"

"பின்ன? இருபது வருசமா தேறிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

என் கையும் தேறியது.

போன சனிக்கிழமை அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "கல்லு வெச்ச மாதிரி இருக்கு" என்றார். எங்களுக்குத் தண்ணீர் அளவுதான். மீறிக் குடித்தால் நெஞ்சு கனக்கும். அதனால் நான், "திருட்டுத்தனமா எத்தனை கிளாஸ் மோர் உள்ளே போச்சு?" என்று கேட்டுவிட்டேன். அறையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். சிஸ்டர் வந்து விசாரித்தபோது, "ஒண்ணுமில்ல, மோர்தான்" என்றார். அவர் மோர் குடிக்கவே இல்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியே அடைத்திருந்ததாம்.

அன்றே போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதைச் சொல்லிச் சொல்லி ஆட்டோவுல வீடு வரைக்கும் சிரிச்சாரும்மா" என்றார். பிறகு, "நீ கிண்டல் பண்ணாம இருந்திருந்தா சிஸ்டர்கிட்ட சொல்லியிருப்பாரோ என்னவோ" என்றார். ஆனால் என் கையை விடவில்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணனின் படுக்கையில் புதிதாக ஒரு லாரி ஓட்டுநர். டயாலிசிஸ் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நாக்கு நுனிவரை கேலி வந்தது. விழுங்கிவிட்டு, படுத்தபடியே சிஸ்டரைக் கத்திக் கூப்பிட்டேன். டாக்டர் ஓடி வந்தார், ஈசிஜி எடுத்தார்கள். கடைசியில் வெறும் தண்ணீர்தான். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும், அண்ணே. நீங்கள் போய் வாருங்கள்.