திருப்பி அனுப்பிய சம்மன்

காரைக்கால் பிரெஞ்சுக்காரரிடம் இருந்த கடைசி வருடங்களில், ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் காரைக்கால் எல்லையோரத்துப் பூவத்தில் அக்கா குடியிருந்த வாடகை வீட்டில் கிடந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம், இந்தியப் பகுதியில், அக்கா பேரில் இருந்த ஒரே வீட்டின் மேல் அத்தானின் பங்காளி வழக்குப் போட்டார். அந்தப் பக்கத்துக் கோர்ட் சம்மன், ஆங்கில முத்திரையோடு பதிவுத் தபாலில் வந்தது.

"இது பிரெஞ்சுக்காரன் ஊரு மச்சான், அவங்க சட்டம் எல்லையோட சரி" என்று அத்தான் தபாலை வாங்காமலே திருப்பி அனுப்பினார். நானும் தலையாட்டினேன்.

பங்காளி தீர்ப்பு வாங்கி வந்து அந்த வீட்டைப் பூட்டிய பிறகுதான் வக்கீலிடம் ஓடினோம்.

"வாங்க மறுத்தாலும் சம்மன் சேர்ந்த கணக்குத்தாங்க. நீங்க வரல, எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சு. ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதுன தீர்ப்பு."

"அப்பீல் பண்ணலாங்களா?" என்றாள் அக்கா.

"கெடு தாண்டிப்போச்சும்மா."

இப்போது யாருக்குச் சம்மன் வந்தாலும் முதலில் வாங்கச் சொல்கிறேன். ஆஜராக வேண்டிய நாளைப் படித்துக் காட்டுகிறேன். அக்கா இன்னமும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள்.