கோல் கம்பத்துக்கு அடியில் ஒரு குழி

மெர்ல் அன்டுலோவ் பத்தொன்பது வருடம் சுரங்கத் தொழிலாளர்களின் மெஸ்ஸில் சமைத்தவள். சட்டிகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், நாற்பத்து மூன்றாவது வயதில் மேற்கு ஆஸ்திரேலிய அரசின் சுரங்கத் துறையில் சேர்ந்தாள். அந்தக் காலத்தில் தங்கம் தேடி வந்தவர்கள் தோண்டி அப்படியே போட்டுவிட்டுப் போன குழிகளைக் கண்டுபிடித்துப் பதிவு செய்யும் வேலை. யாலம்பின் ஊரைச் சுற்றி மட்டும் ஆயிரத்து நூறு குழிகளைப் பதிந்துவிட்டாள். ஒவ்வொன்று அகப்படும்போதும் யாருமில்லாத வெட்டவெளியில் நின்று கூச்சல் போடுவாள். ஊரில் அவளுக்கு 'குழி மெர்ல்' என்றுதான் பெயர்.

அந்தச் செப்டம்பர் வெள்ளிக்கிழமை, பழைய சுரங்கப் பதிவாளர் அலுவலகத்துத் தகரப் பெட்டியிலிருந்து 1898-ஆம் வருடத்து வரைபடம் ஒன்று கைக்கு வந்தது. மதுக்கடைக்குப் பின்னால் நிற்கும் எல்லைக்கல்லிலிருந்து நேர் மேற்கே முந்நூற்றைம்பது அடி தள்ளி ஒரு சுரங்கவாய். மெர்ல் விரலால் அளந்தாள். மறுபடி அளந்தாள். அந்த இடம் ஊரார் ஃபுட்டி என்னும் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடும் மைதானம், வடக்குக் கோல் கம்பங்களின் பக்கம். மறுநாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு அங்கே இறுதி ஆட்டம்!

கல்கூர்லி நகரில் இருந்த சுரங்க ஆய்வாளருக்குப் போன் போட்டாள்.

"வெறும் காகிதத்த வெச்சு ஆட்டத்த நிறுத்த முடியாது மெர்ல். துளை போட்டுப் பாரு. காலியா இருந்தா அந்த நிமிஷமே மூட உத்தரவு தர்றேன்," என்றார் அவர்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, துளையிடும் வண்டியோடு டாரில் ஹோக் மைதானத்தின் செம்மண்ணில் வந்து நின்றான். பின்னாலேயே பாதி ஊரும் திரண்டது. கிளப் தலைவர் டெஸ் பாஸ்கோ முகம் சிவந்து ஓடிவந்தார்.

"ஏம்மா, உனக்கு வேற நாளே கெடைக்கலியா? இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் இறுதி ஆட்டத்துக்கு வந்திருக்கோம்!"

"குழி நாள் பாத்தா வாய தொறக்கும் டெஸ்? தள்ளி நில்லு."

முதல் துளையில் கெட்டிப் பாறை. இரண்டாவதிலும் அதேதான். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது.

"மெர்ல், பேசாம போயி ஆட்டுக்கறி வறு!" என்று எவனோ கத்தினான்.

மெர்லுக்குக் காது சூடேறியது. வரைபடத்தை விரித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அளவில் எங்கே பிசகு?

மதுக்கடைக்கார நோரீன் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "எங்க கடைப் பின்பக்கத்துக் கல்லுல இருந்தா அளந்தே? அடிப் பைத்தியக்காரி! பீப்பா உருட்ட எடஞ்சலா இருக்குன்னு எங்கப்பா அத இருபதடி கெழக்கால நட்டு வெச்சாரே!"

"இத நேத்தே சொல்லக்கூடாதா?"

"நீ கேட்டியா?"

மெர்ல் மேற்கே இருபதடி ஓடிப்போய்க் குதிகாலால் மண்ணில் கோடு கிழித்தாள். "இங்க போடு டாரில்!"

கம்பி இரண்டு மீட்டர் இறங்கியது. மூன்று. திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் கடகடவென்று உள்ளே விழுந்தது. டாரில் எகிறிப் பின்வாங்கினான். துளையிலிருந்து குளிர்ந்த காற்று விசிலடித்தபடி வந்தது.

"இருக்கு!" என்று மெர்ல் துள்ளினாள். "இருக்குடா, இருக்கு!"

டெஸ் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் வாரம் தவறாமல் பந்தோடு குதிக்கும் இடம் அது. கூட்டத்தின் பக்கம் திரும்பி ஊரே அதிரும்படி கத்தினார்: "என்னய்யா வேடிக்கை? கம்பத்தப் புடுங்குங்க! குதிரைப் பந்தயத் திடலுக்குப் போறோம்!"

உத்தரவு வருவதற்குள் இரண்டு பக்கமும் நாலு நாலாக நின்ற எட்டுக் கம்பங்களும் வண்டியேறிவிட்டன. எதிரணிக்காரர்களே தோள் கொடுத்தார்கள். நோரீன் பீப்பாய்களோடு பின்னால் போனாள். நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. தொண்டை கட்டும்வரை மெர்லும் கத்தினாள். யாலம்பின் மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது.

திங்கட்கிழமை மண்ணை விலக்கியபோதுதான் தெரிந்தது: துருப்பிடித்த தகரமும் உளுத்த மரக்கட்டைகளும்தான் அத்தனை வருடமாக ஊரைத் தாங்கியிருந்தன. கீழே முப்பத்தோரு மீட்டர் ஆழம். கான்கிரீட் மூடி போட்டு அடைத்தார்கள்.

அந்த வாரமே அவள் அலுவலக வாசலில் வரிசை நின்றது. கொட்டகையில் கிடந்த தாத்தா காலத்துக் காகிதங்களை ஆளாளுக்குப் பிஸ்கட் டின்னில் கொண்டுவந்தார்கள். முதல் ஆளாக நின்றவர் டெஸ்.

"எங்க கோழிக்கூண்டுக்குக் கீழ ஒண்ணு இருக்கும்போல மெர்ல். இப்பவே வர்றியா?"

மெர்ல் அதற்குள் வண்டிச் சாவியை எடுத்திருந்தாள்.